கொள்ளும் கடிவாளமும்

“அம்மா, நான் குதிரை ஏறக் கற்றுக்கொள்ளப் போகிறேன்!”

உங்கள் மகள் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக இப்படி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டால் வீட்டில் என்ன நடக்கும்? பாட்டி, “நன்றாயிருக்கிறது! கையைக் காலை முறித்துக்கொண்டு வந்து நின்றால் நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்?” என்பார். அப்பா, முகத்துக்கு முன்னால் பிடித்த பத்திரிகையைத் தாழ்த்தாமலே, “கணக்கில் எத்தனை மார்க்?” என்று கேட்பார். தம்பி, “அப்படியானால் எனக்கும் ஒரு குதிரை!” என்பான். நீங்கள் மட்டும் பதில் சொல்ல மாட்டீர்கள். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், ‘நமக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைக்கட்டுமே’ என்ற சபலம்.

சகோதரிகளே, அந்தச் சபலத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கட்டிவிடக் கூடாது. “குதிரையேற்றம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் தனியார் பள்ளி எது? விடுதியில் விடலாமா, வீட்டிலிருந்தே போய் வரலாமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். பட்டுப் புடவையைக் கடையின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறோமா? முந்தானையைப் பிரிக்கிறோம், ஜரிகையைத் திருப்பிப் பார்க்கிறோம், வெளிச்சத்தில் பிடிக்கிறோம். ஒரு புடவைக்கே இவ்வளவு என்றால், பெற்ற பெண்ணை அனுப்பும் இடத்தை எவ்வளவு திருப்பிப் பார்க்க வேண்டும்!

முதலில் பாட்டிக்குப் பதில் சொல்லிவிடுவோம். பெண் குதிரை ஏறுவது நேற்றுப் பிறந்த நாகரிகம் அல்ல. சிவகங்கைச் சீமையை 1780-ல் மீட்ட வேலு நாச்சியார், வாளோடும் வில்லோடும் குதிரையேற்றத்தையும் பயின்றவர். ஜான்சி ராணி 1858-ல் குவாலியர் போரில் மாண்டபோது குதிரைப் படை வீரனின் உடையில்தான் இருந்தார். ஆகவே, “நம் வழக்கத்தில் இல்லை” என்று மட்டும் சொல்ல முடியாது.

மேனாட்டிலும் பெண்களுக்கு இந்தக் கதவு எளிதில் திறந்துவிடவில்லை. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1952-ம் வருஷம் ஹெல்ஸிங்கியில்தான். அதிலும், ‘டிரெஸ்ஸாஜ்’ என்னும் நளினப் பயிற்சிப் போட்டியில் மட்டும். அந்த முதல் வருஷத்திலேயே டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1944-ல், கர்ப்பமாக இருந்தபோது, இளம்பிள்ளை வாதம் கண்டு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரை மேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். பரிசு மேடைக்கு அவரைக் கைகொடுத்து ஏற்றியவர், அன்று தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர். நான்கு வருஷம் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் ஒரு வெள்ளி வாங்கினார். இன்றைக்கும் ஒலிம்பிக் பந்தயங்களில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில், ஒரே தராசில் நின்று மோதுவது குதிரையேற்றத்தில்தான் முக்கியமாக நடக்கிறது. பலம் மட்டும் போதாது. குதிரையின் மனசு புரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

நம் நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. 2023-ல் ஹாங்ஜௌ ஆசியப் போட்டியில் இந்திய அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. 1982 டில்லிப் போட்டிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அணியில் நான்கு பேர். அவர்களில் இருவர் பெண்கள், திவ்யகிருதி சிங்கும் சுதிப்தி ஹஜேலாவும். இவர்களில் திவ்யகிருதி, அஜ்மீரில் உள்ள மேயோ பெண்கள் பள்ளியில் படித்தவர். ஆகவே பள்ளிக்கூடத்து லாயத்திலிருந்து பதக்க மேடைக்கு ஒரு பாதை இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது குறுக்குப் பாதை அல்ல. அந்த அணி ஐரோப்பாவில் வருஷக்கணக்கில் தங்கிப் பயின்ற பிறகே தங்கத்தைத் தொட்டது.

சரி, பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். குதிரையேற்றத்துக்குப் பேர் போன பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காகப் பிறந்தவை. அந்தக் காரணத்தின் வாசனை இன்னமும் அங்கே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அஜ்மீர் மேயோ கல்லூரியைப் பாருங்கள். பேர்தான் கல்லூரி, உள்ளே நடப்பது பள்ளிக்கூடம். 1875-ல் சமஸ்தான ராஜகுமாரர்களுக்காக ஏற்பட்டது. முதல் மாணவரான ஆல்வார் மங்கள் சிங், யானை மீது அமர்ந்து, பரிவாரம் புடைசூழப் பள்ளியில் சேர வந்தாராம்! அப்படிப்பட்ட இடத்தில் குதிரையும் போலோவும் இல்லாமல் இருக்குமா? ராஜாக்கள் போய்விட்டார்கள், லாயம் இருக்கிறது. அங்கே பெண்களுக்கென்று தனிப் பள்ளி ஏற்பட்டதென்னவோ 1980-களின் பிற்பகுதியில்தான்.

நம் பக்கத்திலேயே, ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் கேத்தியைத் தாண்டியதும் ‘லவ்டேல்’ என்று ஒரு சின்ன நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது லாரன்ஸ் பள்ளி. ஸர் ஹென்றி லாரன்ஸ் 1857-ல் லக்னோ முற்றுகையில் இறந்தார். மறு வருஷமே, 1858-ல், ஆங்கிலேயச் சிப்பாய்களின் குழந்தைகளுக்காக அவர் நினைவில் ஆரம்பித்தது இது. ஜான்சி ராணி மாண்ட அதே வருஷம் என்பதைக் கவனித்தீர்களா? காலம் எப்படி மாறிவிட்டது! இன்று நம் பெண்களும் பையன்களும் அந்தக் குளிரில் ஒன்றாகப் படிக்கிறார்கள். குதிரை ஏறவும் கற்கிறார்கள்.

1935-ம் வருஷத்தில் மட்டும் இரண்டு பள்ளிகள் பிறந்தன. இங்கிலாந்தில் ஸாமர்ஸெட் பகுதியில் ஒன்று: இந்தியாவில் சில வருஷம் இருந்துவிட்டுப் போன ஜாக் மேயர் என்ற கிரிக்கெட் வீரர் தொடங்கிய மில்ஃபீல்டு. முதலில் சேர்ந்தவர்கள் ஏழு இந்தியப் பையன்கள். அவர்களில் ஆறு பேர் ராஜகுமாரர்கள்! இன்று அது ஆணும் பெண்ணும், விடுதியில் இருப்பவர்களும் வீட்டிலிருந்து வருபவர்களும் படிக்கும் பெரிய பள்ளி. குதிரையேற்றத்துக்கும் போலோவுக்கும் பேர் வாங்கியது.

அதே 1935-ல் ராஜஸ்தானத்துக் கிராமம் ஒன்றில் ஹீராலால் சாஸ்திரி, ரத்தன் சாஸ்திரி என்ற தம்பதி, பன்னிரண்டே வயதில் இறந்துபோன தங்கள் மகள் சாந்தாவின் நினைவாகப் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வனஸ்தலி வித்யாபீடம். கதர்தான் கட்ட வேண்டும்; எளிமையாகத்தான் இருக்க வேண்டும்; ஆனால் குதிரை ஏறலாம், ஆகாய விமானம் ஓட்டவும் கற்கலாம்! போன பெண்ணை நினைத்து அழுதுகொண்டிருக்காமல், மற்றப் பெண்களுக்குச் சேணம் பூட்டிக் கொடுத்த அந்தப் பெற்றோரை என்னவென்று சொல்வது?

பார்த்தீர்களா? அங்கும் குதிரை, இங்கும் குதிரை. ஆனால் உங்கள் பெண் எந்தச் சூழலில் வளர வேண்டும் என்பது வேறு கேள்வி. குதிரையைப் பார்க்கும் முன்னால் அந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வழவழப்பான காகிதத்தில் அச்சடித்து அனுப்புகிறார்களே, பள்ளியின் விவரப் புத்தகம், அதைப் பற்றி. முதல் பக்கத்திலேயே ஒரு பெண் தடை தாண்டிப் பறந்துகொண்டிருப்பாள். அந்தப் படத்தை நம்பாதீர்கள். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். லாயத்தில் 12 குதிரைகள் என்று சொல்லுகிறார்கள். நல்லது. ஒன்று நொண்டும், ஒன்றுக்கு வயசாகியிருக்கும். ஆகப் பத்து என்று வையுங்கள். நல்ல லாயத்தில் ஒரு குதிரையிடம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட வேலை வாங்க யோசிப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கொடுப்பார்கள். பத்துக் குதிரை, இரண்டு மணி, ஆறு நாள்: வாரத்துக்கு 120 மணி. குதிரை ஏறப் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். 120 பேர் என்றால், தலைக்கு வாரம் ஒரு மணி. வருஷத்தில் 34 வாரம் பள்ளி என்று கொண்டால், மழை, பரீட்சை, ஆண்டு விழா என்று பத்து வாரமாவது போய்விடும். மிச்சம் 24 மணி. அதாவது, வருஷம் பூராவுக்கும் சேர்த்து உங்கள் பெண் குதிரை மேல் இருப்பது ஒரே ஒரு நாள்! மெரினாவில் காசு கொடுத்துச் சவாரி போவதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. வாரத்தில் இரண்டு, மூன்று முறையாவது சேணத்தில் உட்கார வாய்ப்பு இல்லையென்றால், ‘வலுவான குதிரையேற்றம்’ என்பது அச்சுக்கு மட்டும் அழகு.

இன்னும் இரண்டு கேள்விகள். சொல்லிக்கொடுப்பவர் யார்? அவர் எங்கே பயின்றார்? பழைய குதிரைப் படை வீரர்கள் பலர் அருமையான ஆசிரியர்கள். ஆனால் தான் ஏறத் தெரிந்திருப்பது வேறு, பத்து வயதுப் பெண்ணின் பயத்தைப் போக்கி ஏற்றத் தெரிந்திருப்பது வேறு. ஒரு பாடம் முழுவதும் ஓரமாக நின்று பாருங்கள். அதட்டுகிறாரா, விளக்குகிறாரா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது: எதுவரை கற்பிக்கிறார்கள்? நடையும் துள்ளு நடையும் மட்டுமா, தடை தாண்டுதல், டிரெஸ்ஸாஜ், மூன்று பந்தயங்கள் சேர்ந்த ‘ஈவென்டிங்’ வரைக்குமா? இளையோர் தேசியப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்களா? போட்டியே வேண்டாம் என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம். இருந்தாலும், போட்டிக்கு அனுப்பும் பள்ளியில் பயிற்சிக்கு ஒரு ஒழுங்கு இருக்கும்.

இனி லாயத்துக்குள் போவோம். மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள், அங்கே உங்கள் மூக்குதான் முதல் பரீட்சை அதிகாரி. வைக்கோல், சாணம், தோல் வாசனை இருக்கலாம். கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால் பல நாளாகப் படுக்கை மாற்றவில்லை என்று பொருள். தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். ஒரு குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வேண்டும். தொட்டி காய்ந்திருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை. குதிரையின் கண் தெளிவாக, ரோமம் பளபளப்பாக இருக்கிறதா? முதுகில் சேணம் அறுத்த புண் இருக்கிறதா? விலா எலும்பு கைக்குத் தட்டுப்படலாம். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வருகிறாரா? குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய கால்நடை வைத்தியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். ‘நான் என் பெண்ணைப் பற்றிக் கேட்க வந்தேனா, குதிரையைப் பற்றியா?’ என்று நினைக்காதீர்கள். நோகும் முதுகோடு நிற்கும் குதிரைதான் பிள்ளையைக் கீழே தள்ளும். வாயில்லாத ஜீவனைக் கவனிக்காத நிர்வாகம், வாயுள்ள குழந்தையை மட்டும் எப்படிக் கவனிக்கும்?

நம் ஊர்களில் ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது உண்டு. அதில் தவறில்லை. ஆனால் ஓடுவதற்கே பழகிய குதிரையை நிதானத்துக்குப் பழக்க மாதக்கணக்கில் வேலை செய்திருக்க வேண்டும். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு எந்தக் குதிரை தருவார்கள் என்று கேட்டு, அந்தக் குதிரையையே பார்த்துவிட்டு வாருங்கள். வயசான, பொறுமையான, “இவன் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பான்!” என்று சொல்லத் தோன்றும் குதிரையாக இருந்தால் நிம்மதி.

இப்போது உங்கள் தொண்டையில் நிற்கும் கேள்விக்கு வருகிறேன். விழுந்துவிட்டால்?

விழுவாள். இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. குதிரை ஏறக் கற்கும் எல்லாருமே எப்போதாவது விழுகிறார்கள். நாலைந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி அது. விளையாட்டுச் சாமான் அல்ல. “எங்கள் பள்ளியில் யாருமே விழுந்ததில்லை” என்று சொல்லும் நிர்வாகத்தைவிட, “போன வருஷம் இத்தனை பேர் விழுந்தார்கள், இப்படி இப்படிச் செய்தோம்” என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைக்கும் நிர்வாகத்தை நம்பலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு பார்த்த தலைக்கவசம் உண்டா? ஸ்கூட்டருக்குப் போடுவது இதற்கு உதவாது. பலமாக அடிபட்ட கவசம் வெளிக்கு நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி உபயோகிக்கக் கூடாது. தூக்கி எறிந்துவிட வேண்டும். காலில் சிறு குதி வைத்த மூடிய ஜோடு இருக்கிறதா? குதி இல்லாத ஜோடு அங்கவடிக்குள் நழுவிப்போனால், விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். தடை தாண்டும் பிள்ளைகளுக்கு மார்புக் கவசம் தருகிறார்களா? தலையில் அடிபட்டால், “ஒன்றுமில்லை, ஏறு!” என்று அன்றைக்கே மறுபடி ஏற்றுகிறார்களா, வைத்தியரிடம் காட்டுகிறார்களா? எக்ஸ்-ரேயும் ஸ்கேனும் உள்ள ஆஸ்பத்திரி எத்தனை மைலில்? மலைப் பாதையில் ராத்திரி வண்டி உண்டா? வில்வாத நோய்க்கான ‘டெட்டனஸ்’ ஊசி தவணை தவறாமல் போட்டாயிற்றா? லாயத்து மண்ணில் புழங்குகிற பிள்ளைக்கு இது அவசியம்.

“குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்” என்று ஒரு பழமொழி உண்டு. தள்ளுவது குதிரையின் வேலை என்றால், குழி பறிப்பது பெரும்பாலும் மனிதர்களின் அஜாக்கிரதைதான்.

இன்னொரு விஷயம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். லாயம் பள்ளிக் கட்டடத்திலிருந்து தள்ளி இருக்கும். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் குறைவு. சேணத்தில் ஏற்றும்போதும் உட்காரும் விதம் திருத்தும்போதும் தொட்டுத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பெண்களோடு லாயத்துக்குப் பெண் ஆசிரியை யாராவது போகிறாரா? ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? குதிரைக்காரர்களை விசாரித்துத்தான் வேலைக்கு வைக்கிறார்களா? பிள்ளை யாரிடம் முறையிடலாம்? 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி, குழந்தைக்கு அப்படி ஒரு தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று மூடி வைப்பதற்கு இடமில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது தலைமை ஆசிரியர் முகம் சுளித்தால், நீங்கள் தயங்காமல் எழுந்து வந்துவிடலாம்.

“மாதாந்தர நாட்களில் குதிரை ஏறலாமா?” என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். உடம்பு இடம் கொடுத்தால் ஏறலாம். வலி இருந்தால் வேண்டாம். அதைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். ஆண் பயிற்சியாளரிடம் காரணம் சொல்லாமலே, “இன்றைக்கு முடியாது” என்று சொல்ல வழி உண்டா என்பதையும் விசாரியுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது மலை.

விடுதியா, வீடா? இதில்தான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். நம் வெயிலுக்குக் குதிரை ஏற உகந்த நேரம் விடியலும் அந்தியும். விடுதிப் பிள்ளைக்கு லாயம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து எட்டரைக்கு வரும் பிள்ளைக்கு? பல் தேய்க்கும்போதே பாடம் முடிந்திருக்கும். இந்தூர் டேலி கல்லூரி போன்ற சில பள்ளிகளில் இரண்டு வகைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியானால், “பகல் பிள்ளைகளுக்கும் சேணத்தில் அதே மணிக்கணக்கு உண்டா, அவர்களுக்கு எந்த நேரம்?” என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். நாலரை மணிக்கு எழுந்து, ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, குதிரை ஏறிவிட்டு வகுப்பில் தூங்கி வழிந்தால் யாருக்கு லாபம்?

விடுதியானால் அதற்கு வேறு விலை. வாரத்துக்கு எத்தனை முறை பேசலாம், ஜுரம் வந்தால் யார் பக்கத்தில் உட்காருவார்கள், முதல் பருவத்தில் அழுதால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால், “பரவாயில்லை, ஆன்ட்டி” என்பார்கள். “உனக்கு உடம்பு சரியில்லாதபோது யார் கவனித்தார்கள்?” என்று கேளுங்கள். சட்டென்று ஒரு பெயர் வந்தால் நல்ல விடுதி.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு என்பதை மறக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் படிப்பு. சனி, ஞாயிறில் நல்ல குதிரையேற்றச் சங்கத்தில் பயிற்சி. 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்று, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ஃபவாத் மிர்ஸா பெங்களூர்ப் பிள்ளை; தகப்பனார் குதிரை வைத்தியர். குதிரைக்குப் பக்கத்தில் வளர எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அதற்கு விடுதிதான் வேண்டும் என்பதில்லை.

பணத்தைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டுமே! பள்ளிச் சம்பளம் என்று எழுதியிருப்பதோடு முடியாது. குதிரையேற்றத்துக்குத் தனிக் கட்டணமா? கவசம், ஜோடு, ‘ஜோத்பூர்ஸ்’ என்ற சவாரிக் கால்சட்டை (நம் ஜோத்பூர்தான் உலகத்துக்கே அதைக் கொடுத்தது!), போட்டிக்குப் போனால் பிரயாணச் செலவு, குதிரையை லாரியில் ஏற்றிப்போகும் செலவு, விபத்துக் காப்பீடு என்று வரிசையாகப் போடுங்கள். பிள்ளை வளருகிற வயசு. இந்த வருஷத்து ஜோடு அடுத்த வருஷம் தம்பிக்குத்தான். இங்கிலாந்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 2025 ஜனவரி முதல் அங்கே தனியார் பள்ளிச் சம்பளத்தின் மேல் 20 சதவிகிதம் வரி விழுகிறது. சொந்தக் குதிரையைப் பற்றி யாராவது ஆசை காட்டினால், அது வாங்குகிற செலவு அல்ல, வளர்க்கிற செலவு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு லீவு கேட்காமல் தினமும் தின்னும் ஜீவன் அது! வீட்டை அடகு வைத்து, தம்பியின் படிப்பைக் குறைத்து இதைச் செய்ய வேண்டியிருந்தால், வேண்டாம். அந்தக் கடனின் பாரம் குதிரை மேல் அல்ல, பிள்ளை மேல் ஏறும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. கொள் என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம் குதிரை! பிள்ளைகளும் அப்படித்தான். பூட்ஸ் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது கொள். சாணம் வாருவதும், குளம்பைத் தூக்கிக் கல் எடுப்பதும், வியர்த்த முதுகைத் தேய்த்து விடுவதும் கடிவாளம். வருகிற விடுமுறையில் பக்கத்து ஊரில் உள்ள நம்பகமான சவாரிப் பள்ளியில் பத்து நாள் சேர்த்துவிடுங்கள். முதல் ஐந்து நாள் ஏற்றாமல் லாய வேலை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறாம் நாள் காலையில் நீங்கள் எழுப்பாமலே எழுந்து, தலையைப் பின்னிவிடச் சொல்லி வந்து நிற்கிறாளா? அப்படியானால் ஆசை நிஜம். இல்லையென்றால் ஒரு வருஷத்துச் சம்பளம் மிச்சம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் திரும்பி வரும் வழியில் குதிரையைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். வகுப்பறை பிடித்ததா, அந்தப் பெண்களோடு சிநேகமாக இருக்க முடியுமா, மத்தியானம் சாப்பிட்ட இடம் எப்படி என்று கேளுங்கள். ஏனென்றால், இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், “போதும் அம்மா, எனக்கு வயலின் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று அவள் சொல்லக்கூடும். பிள்ளைகள் அப்படித்தான். அன்றைக்கு அவளைக் கோபித்துக்கொள்ளாமல், “சரி, கண்ணு” என்று நீங்கள் சொல்ல முடிய வேண்டும்.

அதற்காகத்தான் கடைசியாக இதைக் கேட்கிறேன்: அந்தப் பள்ளியிலிருந்து குதிரைகளையெல்லாம் ஒரு நிமிஷம் மனசால் அவிழ்த்து வெளியே ஓட்டிவிடுங்கள். லாயம் காலி. இப்போதும் உங்கள் பெண்ணை அங்கே விட உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால், பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். வரும்போது அளவான ஒரு தலைக்கவசமும் வாங்கிவிடுங்கள்.